நாற்பது சான்றுகளும் ஒரு கையெழுத்தும்

என் சகலைக்கு ஊரார் வைத்த பெயர் 'பாத்தியா'. புதிதாகக் கேள்விப்படுகிறவர்கள், அவர் வீடுவீடாகப் போய்ப் பாத்தியா என்ற பிரார்த்தனை ஓதுகிறவர் என்று நினைத்து, நல்ல நாள் கேட்டு வாசலில் வந்து நின்றதும் உண்டு. அந்தப் பாத்தியா வேறு, இந்தப் பாத்தியா வேறு. இவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் ஆய்வாளராக இருந்தவர். கடை எரிந்தது, லாரி கவிழ்ந்தது, கிடங்கில் வெள்ளம் புகுந்தது என்று யார் மனுக் கொடுத்தாலும் கம்பெனி இவரைத்தான் அனுப்பும். போய் நின்று, அழுகிறவர் அழுது முடிக்கிறவரைக்கும் பொறுமையாக இருப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "நீ பாத்தியா?" அதற்குமேல் அழுகிறவருக்கு அழுகை வராது.

ஒரு தடவை ஒரு ஜவுளிக் கிடங்கு எரிந்துபோனது. உள்ளே அத்தனையும் அசல் பட்டு என்று முதலாளி மார்பில் அடித்துக்கொண்டார். பாத்தியா குந்தி உட்கார்ந்து ஒரு பிடிச் சாம்பலை எடுத்து மோந்து பார்த்தார். "பட்டு எரிஞ்சா முடி பொசுங்கின நாத்தம் அடிக்கணுமே. இதுல அட்டைப்பெட்டி வாசனைதானே அடிக்குது?" என்றார். முதலாளிக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. அதையும் பாத்தியா உடனே நம்பிவிடவில்லை. கூடவே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டை வாங்கிப் படித்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவிக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் மாத்திரை. இவருடன் குடித்தனம் நடத்தியதற்கே அந்த அம்மாளுக்குச் சொர்க்கத்தில் தனி மாடி கிடைக்கும் என்று என் மனைவி சொல்வாள். அந்த அம்மாள் என் மனைவியின் அக்கா.

இத்தனைக்கும் மனிதர் ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். பள்ளிவாசலில் முதல் வரிசை, இடது ஓரத் தூணை ஒட்டி அவர் இடம். எல்லோரிடமும் சாட்சி கேட்கிற மனிதர் அல்லாஹ்விடம் மட்டும் எதுவுமே கேட்காமல் எழுந்து வருகிறாரே என்று எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். கேட்டால், "அங்க நான் ஆய்வாளர் இல்ல, மனுதாரர்" என்பார்.

இனி மச்சானைப் பற்றி. எங்கள் இருவர் மனைவிமாருக்கும் மூத்த அண்ணன். தரைக்குப் போடுகிற டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். பள்ளிவாசல் கமிட்டிச் செயலாளரும் அவர்தான். மூன்றாவதாக ஒரு முழுநேர வேலையும் உண்டு: கைபேசியில் வருவதை எல்லாம் எல்லோருக்கும் அனுப்புவது. படித்துவிட்டு அனுப்பினால் நேரமாகும் என்பதால் படிப்பதில்லை.

ஒருநாள் மச்சானின் கடைக்கு ஒரு பல் டாக்டர் தன் ஆஸ்பத்திரிக்கு டைல்ஸ் எடுக்க வந்தார். வேறு மதத்துக்காரர், எந்த மதத்திலும் பெரிய அக்கறை இல்லாதவர். மச்சான் வழக்கம்போல டைல்ஸில் ஆரம்பித்து ஆதம் நபி முதல் எல்லா நபிமாருக்கும் வந்து சேர்ந்திருக்கிறார். டாக்டர் சாதாரணமாகக் கேட்டாராம்: "இவங்கள்லாம் நெஜமாவே இருந்தாங்கங்கறதுக்கு வரலாற்றுல ஏதாச்சும் சான்று இருக்கா பாய்? தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

மச்சானுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை என் அச்சகத்துக்கு வந்துவிட்டார். நான் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிறவன். கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஒரே மையில் அடிப்பேன்.

"பள்ளிவாசல் மாடியில ஒரு கண்காட்சி வைக்கிறோம். தலைப்பு எழுதிக்கோ: நபிமார்கள் வாழ்ந்தார்கள், நாற்பது வரலாற்றுச் சான்றுகள்."

"நாப்பது இருக்கா மச்சான்?"

"இப்போதைக்குப் பதினொண்ணு இருக்கு. மீதி வந்துரும்."

வந்துவிட்டது. மச்சான் குரூப்பில் ஒரு வார்த்தை போட்டதும் சான்றுகள் மழையாகக் கொட்டின. ஹூத் நபி காலத்து ராட்சத உடம்புக்காரர்களான ஆது கூட்டத்தாரின் எலும்புக்கூடு என்று ஒரு படம்: படுத்திருக்கும் மண்டையோட்டுக்குப் பக்கத்தில் மண் தோண்டுகிற ஆள் எறும்பு மாதிரி நிற்பார். மலைமேல் கப்பல் வடிவத்தில் ஒரு மண்மேடு, அது பெருவெள்ளத்தில் மிதந்த நூஹ் நபியின் கப்பல். கடலுக்கடியில் பாசி பிடித்த ஒரு சக்கரம், அது மூசா நபியை விரட்டி வந்து கடலில் மூழ்கிய மன்னன் பிர்அவ்னின் ரதம். நான் எல்லாவற்றையும் ஆறடிக்கு நாலடியில் போட்டு, மங்கலாக இருந்தவற்றுக்குக் கொஞ்சம் வெளிச்சமும் கூட்டிக் கொடுத்தேன். அச்சகத்தார் மார்க்கத்துக்குச் செய்யும் தொண்டு அதுதான்.

நாற்பது சேர்ந்ததும் மச்சானுக்கு ஒரு யோசனை தோன்றியது. "ஒவ்வொண்ணுக்கும் கீழ பாத்தியாவோட கையெழுத்து இருந்தா எப்படி இருக்கும்? ஊருக்கே தெரியும், அந்த மனுசன் எதையும் லேசுல ஒத்துக்க மாட்டார்னு. அவரே ஒத்துக்கிட்டார்னா அப்புறம் எவன் பேசுவான்?"

எவனுக்கும் ஒத்துக்கொள்ளாதவர் தனக்கு மட்டும் ஒத்துக்கொள்வார் என்று மச்சான் நம்பியதுதான் இந்தக் கதையில் உள்ள ஒரே அற்புதம்.

பாத்தியாவோ மகிழ்ச்சியோடு சம்மதித்தார். ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகியிருந்தது. எரிந்த கிடங்கு ஒன்றுகூடக் கண்ணில் படாமல் வாடிப்போயிருந்தார். வேதத்தில் பெயர் சொல்லப்பட்ட நபிமார் இருபத்தைந்து பேர். ஆளுக்கு ஒரு கோப்பு வீதம் இருபத்தைந்து கோப்பு திறந்தார். காலையில் கல்லூரி நூலகத்துக்குப் போனால் பூட்டுகிற நேரத்துக்குத்தான் வெளியே வருவார். மூன்று நாட்டு அருங்காட்சியகங்களுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு மாதம் கழித்து ஒரு காலைவேளையில் அச்சகத்துக்கு வந்து, "தம்பி, எல்லாத்தையும் தரையில விரி" என்றார்.

விரித்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, வெறுங்காலோடு பேனர்களுக்கு நடுவில் நடந்தார். மச்சான் மாப்பிள்ளைத் தோழன்போலக் கூடவே நடந்தார்.

எலும்புக்கூட்டின் பக்கத்தில் நின்றார். "இந்த ஆளோட நெழல் எந்தப் பக்கம் விழுது?"

"எடது பக்கம்."

"எலும்போட நெழல்?"

மச்சான் குனிந்து பார்த்தார். "...வலது பக்கம்."

"அப்ப அன்னிக்கு ரெண்டு சூரியன் உதிச்சிருக்கணும். இது படத்தை மாத்தி ஒட்டற போட்டிக்காக ஒருத்தர் செஞ்சது மச்சான். அதுலயும் மூணாம் பரிசுதான். மார்க்கத்துக்கு ஆதாரம்னு கொண்டு வர்றீங்க, ஒரு முதல் பரிசாவது கொண்டு வரக் கூடாதா?"

அடுத்தது பாடம் செய்யப்பட்ட ஒரு மன்னனின் உடல். "உடம்புல உப்பு இருக்காம், அதனால கடல்ல மூழ்கின பிர்அவ்ன் இவன்தானாம். அந்த நாட்டுல செத்தவங்க உடம்பை உப்பு போட்டுத்தான் பாடம் பண்ணுவாங்க. எல்லா உடம்புலயும் உப்பு இருக்கும். இந்தக் கணக்குல பார்த்தா கருவாடெல்லாம் பிர்அவ்ன்தான்."

ரதச் சக்கரம் எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. கப்பல் வடிவ மேடு தானாக அமைந்த பாறை என்று மண்ணியல்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். இப்படியே நாற்பதையும் நடந்து முடித்தபோது மச்சானின் முகம் பாடம் செய்தது மாதிரி ஆகியிருந்தது.

"அப்ப ஒண்ணுமே தேறாதா?"

"ஏன் தேறாது?" பாத்தியா தன் பையிலிருந்து ஏழு தாள்களை எடுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "இதப் பாருங்க. ஒடஞ்ச கருங்கல் ஒண்ணு. தாவூத் நபியோட வம்சத்துக்கு எதிரியா இருந்த ஒரு ராஜா வெட்டி வெச்சது. நான் இவங்களை ஜெயிச்சேன்னு பீத்திக்கிறான். அதுல 'தாவூதின் வீடு'ன்னு இருக்கு. சிலபேர் வேற மாதிரி படிக்கிறாங்க. பெரும்பாலானவங்க இப்படித்தான் படிக்கிறாங்க. சொந்தக்காரன் சாட்சி ஒண்ணுன்னா, எதிரியோட சாட்சி பத்துக்குச் சமம் மச்சான். அப்புறம் இது. கிறிஸ்தவ வேதத்தோட பழைய பிரதி ஒண்ணு, அதோட முன் தாள்ல யாரோ ஒருத்தர் போர் நடந்த பயத்துல கிறுக்கி வெச்சிருக்கார். பாதி அழிஞ்சுபோச்சு. அதுல நம்ம நபிகள் நாயகத்தோட பேர் இருக்கு. அவங்க மறைஞ்சு அஞ்சாறு வருஷத்துக்குள்ள எழுதினதா இருக்கும்ங்கறாங்க. எழுதினவனுக்கு நம்ம மேல பிரியமே கிடையாது!"

மச்சானுக்கு அந்தத் தாளில் படமே இல்லாததுதான் கண்ணில் பட்டது. "இப்ராஹிம் நபிக்கு?"

"வேதங்களுக்கு வெளியில, பேர் சொல்லி இதுவரைக்கும் எதுவும் கிடைக்கல. மூசா நபிக்கும் இல்ல. நூஹ் நபிக்கு, வெள்ளம் வந்த கதை பழைய களிமண் பலகைகள்ல இருக்கு, பேர் வேற. இதையும் ஒரு தாள்ல எழுதி வெச்சிருக்கேன்."

அந்தத் தாளின் தலைப்பில் அவருடைய ஆபீஸ் பழக்கத்தில் ஒரு முத்திரை குத்தியிருந்தார்: 'நிலுவையில்'. அவர் வேலையில் ஆதாரம் பொய் என்றால் 'நிராகரிப்பு'. ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை என்றால் 'நிலுவையில்'. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் வித்தியாசங்களைச் சுமந்துகொண்டு எந்த வதந்தியும் ஓடாது, பாரம் அதிகமாகிவிடும். அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது: பாத்தியா நபிமாரை நிலுவையில் போட்டுவிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் வரிசைத் தூணோரம் அவருக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் கிடைத்தது. சலூன்காரர் பாதிச் சவரத்தில் கத்தியை நிறுத்திவிட்டு, "நம்பிக்கை இல்லாமலேயா இத்தனை வருஷம் தொழுதீங்க?" என்று கேட்டாராம். கழுத்தில் கத்தி இருந்தபோது எதற்கு வாதம் என்று இவர் பேசாமல் இருந்திருக்கிறார். மச்சான் பாத்தியா வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். கமிட்டியிலிருந்து, தொழுகை நடத்தும் இமாமிடம் புகார் போனது. இமாம் ஏழு தாள்களையும் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கார்" என்று சொல்லி, அடுத்த மூச்சில் மாடிக் கூரை ஒழுகுவதைப் பற்றி ஆரம்பித்தார். ஒன்பது மாதமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். வரலாறே வாசலில் வந்து நின்றாலும் அவருக்குக் கூரைதான் முக்கியம். குறை சொல்ல முடியாது, ஒழுகுவது அவர் தலையில்.

அண்ணன் வராமல் போனதுதான் பாத்தியாவின் மனைவிக்குத் தாங்கவில்லை. நானும் என் மனைவியும் போயிருந்த நேரத்திலேயே கேட்டுவிட்டார். சமையலறை வாசலில், கையில் கரண்டியோடு.

"ஒரே ஒரு விஷயம் எனக்குச் சொல்லுங்க. இப்ராஹிம் நபி இருந்தாங்கன்னு நீங்க நம்புறீங்களா, இல்லையா?"

"நம்புறேன்."

"பாத்தீங்களா?"

முப்பத்தோரு வருஷம் மற்றவர்களைத் திணற அடித்த கேள்வி. பாத்தியா தலையைக் குனிந்துகொண்டார். அவர் திணறி நான் பார்த்தது அன்றுதான். நிமிர்ந்து, "இல்ல. அதனாலதான் நம்புறேன்னு சொல்றேன். பாத்திருந்தா, பாத்தேன்னு சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நபிமாரை நான் சந்தேகப்படல. அவங்களுக்காகப் பொய்ச் சாட்சி சொல்ல வந்த எலும்புக்கூட்டைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார்.

அந்த அம்மாள் கரண்டியோடு திரும்பினார். உள்ளே போய் அவருக்கு மட்டும் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். விருந்தாளிகளான எங்களுக்கு மறந்துபோனது.

இப்போது என் பங்கு. கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மச்சான் இமாமிடமிருந்து பாத்தியாவின் ஏழு தாள்களை வாங்கிக்கொண்டு வந்தார். அவற்றின் கீழே 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்து இருந்தது.

"இந்தக் கையெழுத்தை எடுத்து நாப்பதுலயும் போட்டுரு."

"மச்சான், அவர்தான் நாப்பதும் தப்புன்னு..."

"சரின்னு சொன்னார்னா போடறோம்? சரிபார்த்தார்னுதானே போடறோம்! பார்த்தாரா இல்லையா? வெறுங்காலோட நடந்து நடந்து பார்த்தாரே, நீயும்தானே கூட இருந்தே!"

இந்தத் தர்க்கத்துக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதது மாதிரி இருப்பது வசதியாக இருந்தது என்பதே சரி. கையெழுத்தை ஸ்கேன் செய்து, பின்னணியை நீக்கி, நாற்பதிலும் பதித்தேன். மனசு உறுத்தியது. உறுத்தலுக்குப் பரிகாரமாக அந்த ஏழு தாள்களையும் சாதாரணக் காகிதத்தில் அடித்து, மாடியில் செருப்பு அலமாரிக்கு மேலே, யாரும் பார்க்காத இடத்தில் ஒட்டிவைத்தேன். என் வீரம் செருப்பு வைக்கிற உயரத்துக்குத்தான் எட்டியது.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை காலை திறந்தது. நல்ல கூட்டம். எலும்புக்கூட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. பாத்தியா வந்தார். முதல் பேனரின் கீழே தன் கையெழுத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். பதினாறாவதுக்குப் பிறகு பார்க்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து எலும்புக்கூட்டின் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினேன்.

பல் டாக்டர் வந்தபோது மச்சானே வாசலுக்குப் போய் அழைத்து வந்தார். கேள்வி கேட்டவர் அவர்தானே! நேராக எலும்புக்கூட்டின் முன் நிறுத்தினார்.

"இவங்கதான் டாக்டர், ஹூத் நபி காலத்து ஆளுங்க."

டாக்டர் கிட்டே போய்ப் பார்த்தார். தொழில் பழக்கம், முதலில் பல்வரிசையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"இவரா! இவர் எங்க குடும்ப குரூப்புலயும் வந்திருந்தாரே பாய்! எங்க புராணத்துல வர்ற ராட்சசன்னு போட்டிருந்தது. பாவம், மனுஷன் எத்தனை மதத்துக்குத்தான் ஆதாரமா படுத்துக்கிடப்பார்?"

சிரிக்கக் கூடாது என்று நினைத்தவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். வரிசை கலைந்தது. யாரோ சத்தமாக, "இதுல பாத்தியாவோட கையெழுத்தே இருக்கே!" என்றார்கள். எல்லோரும் நாற்காலியின் பக்கம் திரும்பினார்கள். மச்சான் டைல்ஸ் மாதிரி வெளுத்து நின்றார். அந்த ஒரு நொடியில் பாத்தியா வாயைத் திறந்து பெயரைச் சொல்லியிருந்தால் மச்சானுக்குச் செயலாளர் பதவி மட்டுமல்ல, ஊரும் போயிருக்கும். என் அச்சகமும்தான்.

பாத்தியா எழுந்தார். "அது தப்பா போட்டது" என்றார். யார் போட்டது என்று சொல்லவில்லை. "டாக்டர், உங்களுக்கு நேரம் இருந்தா இங்க வாங்க" என்று செருப்பு அலமாரிக்குக் கூட்டிப்போனார். வரும்போது செருப்பு வைக்கையிலேயே தன் தாள்களை அங்கே பார்த்திருக்கிறார்.

டாக்டர் அங்கேயே ஒரு மணி நேரம் நின்றார். கருங்கல்லைப் பற்றி மூன்று கேள்வி கேட்டார். 'நிலுவையில்' என்ற தாளுக்கு வந்ததும் நிமிர்ந்தார். "இப்ராஹிம் நபிக்குச் சான்று இல்லன்னு நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்க?"

"கிடைக்கலன்னு எழுதியிருக்கேன். கிடைச்சா மாத்திருவேன்."

"இத ஒரு பிரதி எனக்குக் கொடுப்பீங்களா?"

ஒரு அழகான கதையாக இருந்தால் டாக்டர் அன்றே கலிமா சொல்லி இஸ்லாத்தில் சேர்ந்திருப்பார். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பாத்தியாவிடம், "கீழ் வரிசையில ஒரு பல் ஆடுது போல. வியாழக்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை பல்லைப் பிடுங்கியதோடு இன்னொன்றும் நடந்தது. கிறிஸ்தவர்கள் கொண்டாடும் ஈசா நபியைப் பற்றி ஒரு யூத வரலாற்றாசிரியர் இரண்டு இடத்தில் எழுதியிருப்பதாக ஆறாவது தாளில் இருந்தது. அதில் ஓர் இடத்தில் பிற்காலத்தில் படியெடுத்தவர்கள் தங்கள் கைச்சரக்கைச் சேர்த்திருக்கிறார்கள் என்று டாக்டர் தேடிப் படித்து வைத்திருந்தார். வாயில் பஞ்சோடு இருந்ததால் பாத்தியாவால் வாதாட முடியவில்லை. நூலகத்தில் போய்ப் பார்த்தால் டாக்டர் சொன்னதுதான் சரி. மூன்று நாள் யாரிடமும் பேசாமல் இருந்தார் என்று என் மனைவியின் அக்கா சொன்னார். நாலாவது நாள் டாக்டரைச் சாப்பிடக் கூப்பிட்டார். இப்போது இருவரும் வாரம் ஒரு நாள் சேர்ந்து படிக்கிறார்கள். ஒத்துப்போகிற விஷயம் இதுவரை ஒன்றும் இல்லை. நட்பு பலமாக இருக்கிறது.

என்னை அவர் மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். கண்காட்சி முடிந்து பத்தாம் நாள், காலை ஒன்பது மணிக்கு, பழைய ஆபீஸ் பையோடு அச்சகத்துக்கு வந்தார். எதிரில் உட்கார்ந்து தாளை விரித்தார். எப்போதும் 'தம்பி' என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு 'தாங்கள்' என்றார்.

"கையெழுத்தைத் தாங்கள் எந்தத் தாளிலிருந்து எடுத்தீர்கள்? எத்தனை மணிக்கு? போடச் சொன்னது யார்?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எத்தனையோ முதலாளிகள் அந்த முகத்துக்கு எதிரில் உட்கார்ந்து என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று அன்றுதான் புரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாக எழுதி, எனக்கே வாசித்துக் காட்டி, கீழே என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். தாளை மடித்துப் பைக்குள் வைத்த பிறகுதான், "தம்பி, டீ சொல்லு" என்றார்.

"அண்ணே, மன்னிச்சுடுங்க."

"கோப்பு முடிஞ்சுபோச்சு" என்றார். அவ்வளவுதான். அந்தத் தாளை மச்சானிடமோ வேறு யாரிடமோ அவர் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. வீட்டில் எங்கோ இருக்கிறது என்ற நினைப்பே போதும், இன்றைக்கும் யாராவது ஸ்கேன் செய்த கையெழுத்தோடு வந்தால் என் கை மவுஸுக்குப் போக மறுக்கிறது.

மச்சான் ஒரு மாதம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, தங்கை கையால் சாப்பிடாமல் இருக்க முடியாமல் தானே வந்து சேர்ந்தார். நாற்பது பேனர்களில் பன்னிரண்டு இமாமின் ஒழுகும் கூரைக்குப் போயின. நூஹ் நபியின் கப்பல் என்று போட்ட பேனர் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே விடவில்லை. செருப்பு அலமாரிக்கு மேலே இருந்த ஏழு தாள்களை இமாமே மாடிப்படிச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டச் சொன்னார். ஆறாவது தாளில் பாத்தியா தன் கையாலேயே ஒரு வரியை அடித்துத் திருத்தி, தேதி போட்டிருக்கிறார்.

போன வாரம் மச்சான் எனக்கு ஒரு படம் அனுப்பினார். பாலைவனத்தில் ஒரு பாறை. அதில் ஓர் ஒட்டகத்தின் காலடித் தடம், ஒரு வீடு கட்டுகிற அளவுக்கு. சாலிஹ் நபியின் ஒட்டகமாம். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "பாத்தியாகிட்ட காட்டாதே."